நாலாவது கையின் ஸ்பிரிங்

கெட்டியாக இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். என் மாமா அப்படிப்பட்டவர். நல்லவர், உழைப்பாளி, அந்த ஒரு விஷயத்தில் மட்டும் முட்டாள். ஆனாலும் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் ஓட்டிய மெஷின் போட்ட சோற்றில்தான் நான் படித்தேன்.

குடவாசல் பக்கம் எங்கள் ஊர். நான் நாலாவது படிக்கும்போது அம்மாவும் அவள் தம்பியான இந்த மாமாவும் சேர்ந்து பழைய நடவு மெஷின் ஒன்றை வாங்கினார்கள். அப்பா வெளிநாடு போயிருந்தார். அங்கிருந்து பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. மெஷினை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்று அம்மா முடிவு செய்தாள். முதல் வயல் பெரியப்பாவுடையது. அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்: "எம் வயலு சரியா வரலன்னா ஊர்ல ஒருத்தன் கூப்பிட மாட்டான். அப்புறம் அத வித்துட்டு வேற வேலையப் பாக்க வேண்டியதுதான்."

மெஷினுக்கு நாலு கை. ஒவ்வொரு கையும், பாய்போல வளர்த்துத் தட்டில் வைத்திருக்கும் நாற்றிலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கும். இறங்கியதும் கைக்குள் இருக்கிற ஸ்பிரிங் ஒரு கம்பியைத் தள்ளும், கம்பி நாற்றைத் தள்ளிவிடும், கை காலியாக மேலே வரும். பெரியப்பா வயலில் இறக்கிய அன்று நாலாவது கை, கிள்ளிய நாற்றைச் சேற்றில் விடாமல் அப்படியே மேலே கொண்டுவந்தது. உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தது. கவனிப்பதற்குள் பாதி வயல் ஓடிவிட்டது. மூன்று வரிசை பச்சை, ஒரு வரிசை வெறும் சேறு.

வரப்பில் நடவுப் பெண்கள் நின்று பார்த்தார்கள். வருஷா வருஷம் அந்த வயலை நட்டவர்கள் அவர்கள்தான். அவர்களைக் கூட்டி வருகிறவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவள் அம்மாவைப் பார்த்து, "ஏன் அண்ணி, ஒங்க மெஷினு வயலுக்கு வகிடு எடுக்குதா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. திருவாரூருக்குப் போய், இருந்ததிலேயே தடித்த ஸ்பிரிங்கை வாங்கிவந்து மாட்டினார். "இது யானையையே தள்ளும்க்கா" என்றார். அது நாற்றைத் தள்ளவில்லை, புதைத்தது. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. கம்பி தடிப்பு என்பதால் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதற்குமேல் சுருங்க இடமில்லாமல் கை பாதியில் நின்றது. மெஷின் கடகடவென்று உதறி அடங்கியது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

தட்டு நாற்று காத்திருக்காது, பழுத்துவிடும். மறுநாள் காலை அம்மா, ஒழுங்காக ஓடிய மூன்றாவது கையைப் பிரித்து, அதன் ஸ்பிரிங்கை முந்தானையில் முடிந்துகொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு பஸ் ஏறினாள்.

கடையில் அதே நீளத்தில், அதே பருமனில் ஒரு தட்டு நிறைய ஸ்பிரிங் இருந்தது. கடைக்காரர் ஒன்றை எடுத்து நீட்டினார். "இது நல்ல டைட்டும்மா. ரொம்ப நாள் வரும்."

"டைட்டு வேணாங்க. இது மாதிரியே வேணும்."

நீளமான போல்ட் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். எங்கள் ஸ்பிரிங்கையும் கடை ஸ்பிரிங்கையும் அதில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நடுவில் ஒரு வாஷர் போட்டு, நட்டை முறுக்கினாள். கடை ஸ்பிரிங் முந்திச் சுருங்கினால் அது தொய்வு. எங்களுடையது முந்திச் சுருங்கினால் கடை ஸ்பிரிங் முரடு. இரண்டும் சேர்ந்தாற்போல இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் சுருளுக்குச் சுருள் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் தள்ளி வைத்தாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது.

"ஒரு ஸ்பிரிங்குக்கு இவ்வளவு பரீட்சையாம்மா?" என்றார் கடைக்காரர்.

"நேத்து ஒன்னு பெயிலாயிடுச்சுங்க. எம் பொழப்பே இதுலதான் நிக்குது."

கடைக்காரர் எழுந்தார். உள்ளே போய் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து கொட்டினார். ஸ்பேனரைத் தானே பிடித்துக்கொண்டார். அந்தத் தட்டில்தான் கிடைத்தது. அவர் எங்களை விரட்டியிருக்கலாம். விரட்டவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஊருக்குத் திரும்பியபோது நடவுப் பெண்கள் வயலில் குனிந்திருந்தார்கள். மெஷின் விட்டுப்போன வரிசைகளை, எங்கள் தட்டு நாற்றை எடுத்துக் கையால் நட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. அம்மா வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

எனக்கு ஆத்திரம். முந்தின நாள் சிரித்தவர்கள்தானே இவர்கள். "மெஷினக் கிண்டல் பண்ணுனீங்கள்ல, இப்ப மட்டும் ஏன் அத்தை நடுறீங்க?" என்று கேட்டேன்.

அத்தை நிமிரவேயில்லை. "மெஷினுதாண்டி கெட்டுப்போச்சு. நாத்து என்ன பண்ணுச்சு?"

மாமா மூன்றாவது கையில் பழையதையும் நாலாவது கையில் புது ஸ்பிரிங்கையும் மாட்டி ஓட்டினார். நாலு கையும் ஒன்றுபோல இறங்கி ஏறின. பொழுது சாய்வதற்குள் மீதி வயலும் முடிந்தது. பெரியப்பா வரப்பைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் நீங்களே ஓட்டிடுங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

நான் வரப்பில் ஓடிப்போய், "பாருங்க அத்தை, ஒரு வரிசைகூட விட்டுப்போகல" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் வயலையே பார்த்தாள். "ஆமாடி, நல்லாத்தான் நடுது" என்றாள். பிறகு எல்லாரும் வாய்க்காலில் இறங்கிக் கை கால் கழுவிக்கொண்டு கரையோடு நடந்து போனார்கள். அன்றைய வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.