பெஞ்சில் பொறித்த கின்டார்

மீன் அரிந்தே முப்பது வருடம் ஓட்டிய எட்னா வோர்ஸ்லிக்கு, கியூ என்ற ஆங்கில எழுத்தின் மேல் தனிப் பாசம். யூவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேதான் அது நடக்கும். யூ இல்லாமல் துணிந்து தனியே வரும் சொற்கள் கொஞ்சம். கனாத் என்றால் வறண்ட நிலத்துக்கு அடியில் வெட்டிய நீர்க்கால். ஃபகீர் என்றால் நமக்குத் தெரிந்த பக்கிரிதான். இப்படி ஒவ்வொன்றையும் பொருளோடு மனதில் வைத்திருந்தாள். பொருள் தெரியாத சொல்லை ஆட்டப் பலகையில் வைப்பது அவளுக்குத் திருட்டு மாதிரி.

இங்கிலாந்தின் மீன்பிடி ஊரான ஃப்ளீட்வுட்டில் வியாழன் பிற்பகல்களில், தேவாலயக் கூடத்தில் எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்க்ராபிள் ஆட்டம் நடக்கும். யாராவது கேட்டால், வைத்தவர் பொருள் சொல்ல வேண்டும். சொன்னால் நம்ப வேண்டும். அகராதி அலமாரியில் இருக்கும். சிநேகிதியிடம் ஆடும்போது அதை எடுப்பது, விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பது போல.

எட்னாவுக்கு எதிரே எப்போதும் நோரீன்தான். எட்னாவின் கணவன் வில்ஃப், இழுவலைப் படகில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்வந்த மனுஷன், இறந்த வருடக் குளிர்காலத்தில் நோரீன் ஒருநாள் கின்டார் என்று வைத்தாள். கியூவில் தொடங்குகிற சொல், யூ இல்லை.

"அப்படின்னா?"

"கடலுக்குப் போனவங்க திரும்பி வர்ற வரைக்கும் ஜன்னல்ல அணையாம வைக்கிற விளக்கு."

எட்னா அங்கேயே அழுதுவிட்டாள். அடுத்த வசந்தத்தில், கடற்கரை நடைபாதையில் வில்ஃப் நினைவாக ஒரு பெஞ்சு போட்டாள். பித்தளைத் தகட்டில் அவன் பெயர், அதன் கீழே "என் கின்டார்". திறந்த அன்று பொருள் கேட்டவர்களுக்கெல்லாம் எட்னாவின் கையைப் பிடித்தபடி நோரீனே விளக்கம் சொன்னாள்.

சில வருடங்கள் போயின. போன செவ்வாய்க்கிழமை எட்னா பெஞ்சுக்குப் போனபோது, கார் கழுவும் இடத்தில் வேலை செய்யும் பெஸ்னிக் அதில் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான். எழுந்து இடம் விட்டான்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இவர் எங்க அல்பேனியாக்காரரா?"

"இல்லப்பா. இந்த ஊர்தான். ஏன்?"

"இல்ல, எங்க ஊர்ச் சில்லறைக் காசு பேரு போட்டிருக்கே. ரொம்பச் சின்னக் காசு. இப்பல்லாம் கீழ கிடந்தாக்கூட எவனும் குனிய மாட்டான்."

எட்னா சிரித்துவைத்தாள். அன்று அந்தப் பெஞ்சில் அவள் உட்காரவில்லை.

வியாழக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய் அகராதியை எடுத்தாள். பெஸ்னிக் சொன்னதுதான் இருந்தது. விளக்கும் இல்லை, ஜன்னலும் இல்லை.

நோரீன் வந்து தேநீரில் பிஸ்கெட்டை முக்கினாள். எட்னா பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் தள்ளினாள். நோரீன் படித்தாள். பிஸ்கெட் ஊறி உடைந்து தேநீருக்குள் விழுந்தது.

"கியூ கையிலயே தங்கிருச்சுடி. அப்படி ஒரு சொல் இருக்குன்னு மட்டும்தான் தெரியும். நீ கேட்ட. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆட்டம்தானே."

"பெஞ்சு ஆட்டமா?"

"நீ அப்படி அழுதியே. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"தகடு அடிக்கக் கொடுக்குமுன்ன சொல்லியிருக்கலாம். ஊரைக் கூட்டி வச்சு நீயே விளக்கம் சொன்னியேடி."

"உன் மனசுக்கு ஆறுதலா இருந்துச்சுல்ல? அதைக் கெடுக்கவா சொல்ற?"

"என் புருஷன் பேருக்குக் கீழ எவனும் குனிஞ்சு எடுக்காத காசு இருக்கு. ஆறுதலாம்."

அக்கம்பக்க மேசைகளில் கட்டைகளின் சத்தம் குறைந்தது. நோரீன் குரலைத் தாழ்த்தினாள். "தகட்டை மாத்திடலாம் கண்ணு. நானும் கூட வரேன்."

எட்னா கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். அப்போதுதான் வேறொன்று நெஞ்சில் இடித்தது.

"வில்ஃப் போனப்ப நான் பஸ்ஸுல இருந்தேன். ஆஸ்பத்திரில நீ மட்டும்தான் பக்கத்துல. கடைசியா 'எட்னா வந்துட்டாளா'ன்னு கேட்டார்னு சொன்னியே. அதுவும் வாய்க்கு வந்ததா?"

"அது நிஜம். சத்தியமா கேட்டார் எட்னா."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள், குரல் தடுமாறவில்லை. கின்டாருக்குப் பொருள் சொன்ன அன்றும் அவள் முகம் இப்படியேதான் இருந்தது.

இதைச் சரிபார்க்க எந்த அகராதி இருக்கிறது? எட்னா கோட்டைப் போட்டு, பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் போகாமல் வீட்டுக்கு நடந்தாள்.