தாப்பு பாபி போட்ட கோடு

தாப்பு என்றால் எங்கள் பாலைவனத்துப் பேச்சில் போதும் என்று பொருள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் வைத்த பெயர். என் பெரியப்பா மகனுக்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் ஊருக்கு வந்தாள்; எனக்கு பாபி, அதாவது அண்ணி. அவளுடைய இருபத்து நான்காம் வயதில் கல்குவாரி அவனைக் கொண்டுபோயிற்று. இப்போது அவளுக்கு முப்பது. சொத்தென்று முப்பத்தொரு ஆடுகளும் ஒரு துறட்டியும்.

ஹோலிக்கு மறுநாள் தொடங்கிப் பதினாறு நாள் எங்களுக்குக் கண்கௌர் நோன்பு. விடியலில் பெண்கள் பாடிக்கொண்டே போய்ப் பூப் பறித்து வந்து மண் கௌரிக்கு வைக்க வேண்டும். அன்றன்று பறித்த பூ. கணவனை இழந்தவள் கை அதில் படக்கூடாது. யாரும் இதைத் தாப்பு பாபியிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவிடாமல் அவளே எங்களுக்கு முன்னால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

எங்கள் முள்வேலியிலிருந்து மணலில் ஒரு கோடு போகும். அதன் வழியே நடந்தால் பூத்த புதர் ஒன்று நிற்கும். மேய்ப்பவர்கள் கோலை இழுத்துக்கொண்டு போவது வழக்கம்தானே என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் நான். மூன்று வருடம் அந்தக் கோட்டின் மேலேயே நடந்திருக்கிறேன்.

இந்த வருடம் குளிர்கால மழை பொய்த்தது. தங்கை சுகனிக்குக் கல்யாணம் முடிந்த முதல் நோன்பு, பிறந்த வீட்டில். ஒரு நாள் பூ தவறினாலும் பதினாறும் வீண் என்று அம்மா நாளுக்கு நாலு தடவை சொன்னாள்.

பதின்மூன்றாம் நாள் இரவு எழுந்த காற்று விடிந்தும் ஓயாமல் மணலைத் துடைத்துப்போட்டது. காலையில் கோடு இல்லை. கூட வந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் தேடப் போனார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சுகனி காலிச் செம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஆட்டு மணிச் சத்தம் வந்த பக்கம் அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"பாபி, பூ எங்கயும் இல்லை."

"கோடு போட்டுட்டுதானே வந்தேன்?"

"நீங்களா போட்டீங்க?"

"பின்ன, ஆடா போடும்? பி.ஏ. படிச்சவளாம்!"

துறட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தாள். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கேர் புதர். இலை என்று ஒன்றுகூட இல்லை, வெறும் பச்சைக் குச்சியும் முள்ளும். ஆனால் குச்சி தெரியாமல் செங்கல் நிறத்தில் பூ. ஒவ்வொரு பூவிலும் மீசை போல நீண்ட இழைகள், அவற்றில் தேனீ. கால் சுடும் மணலில் நின்று வாயைப் பிளந்தேன்.

"மழையே இல்லாம எப்படி பாபி?"

"வெயில் உச்சந்தலையில அடிச்சாத்தான் இதுக்குப் புத்தி வரும். நேத்து சாயங்காலம் எல்லாம் மொட்டு. ஆடு வாய் வெச்சிரும்னு இந்தப் பக்கமே விடல."

அவள் பத்தடி தள்ளியே நின்றாள். கீழ்க்கிளைப் பூக்களை ஏற்கெனவே மான் மேய்ந்திருந்தது. சுகனி எம்பிப் பார்த்தாள்.

"எட்டல பாபி. கொஞ்சம் வளைச்சுப் பிடிங்க."

"நான் வரலடி. துறட்டியை வேணா வாங்கிக்கோ."

"முள்ளு. எனக்கு வராது. வாங்க."

தயங்கித் தயங்கி வந்து கிளையை வளைத்தாள். உலுக்கியதில் பூ உதிர்ந்து அவள் முக்காட்டிலும் தோளிலும் விழுந்தது. அவள் விறைத்துப்போனாள்.

"இதைத் தட்டிவிடு. புதுப்பொண்ணுக்கு ஆகாது."

பெண்களின் உரிமை பற்றி நான் பரீட்சையில் எழுதியவை எல்லாம் மனத்தில் வந்தன. எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்ற சுகனி அதற்குள் பாபியின் முக்காட்டிலிருந்து பூக்களை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் எடுத்துச் செம்பில் போட்டாள்.

"உன் மாமியாருக்குத் தெரிஞ்சா?"

"ஆடு பறிச்சுக் குடுத்துச்சுன்னு சொல்றேன்."

பாபி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். அத்தனை வருடப் பூவுக்கும் சேர்த்து நன்றி சொல்ல நினைத்தேன். "நாளைக்கும் பூ கிடைக்குமா பாபி?" என்றுதான் வாயில் வந்தது.

மறுநாள் காற்றே இல்லை. ஆனாலும் வேலியோரம் கோட்டைக் காணோம். சுகனி என் கையைப் பிடித்தாள். கோடு தொடங்கும் இடத்தில் முப்பத்தொரு ஆடுகளோடு பாபி நின்றுகொண்டிருந்தாள்.

"என்னடி முழிக்கிறீங்க? இன்னைக்கு ரொம்ப தூரம். நடங்க."