மே மாதத்தில் கயிறு அவிழ்ப்பவள்

மே மாதம் பிறந்துவிட்டால் ஃபாங்காரேய் படகுத்துறையில் ரேவின் ஸ்டாட்டுக்கு வேலை கூடிவிடும். புயல் பருவத்துக்குப் பயந்து நவம்பரில் டோங்கா, ஃபிஜி தீவுகளிலிருந்து ஆற்றுக்குள் வந்து ஒதுங்கிய படகுகள், இங்கே மே மாதத்தில் குளிர் தொட்டதும் மறுபடி வடக்கே கிளம்பும். கிளம்புகிற படகின் கயிற்றைத் துறை மேடையிலிருந்து அவிழ்த்து வீச ஓர் ஆள் வேண்டும். ரேவினுக்கு மருத்துவமனைச் சமையலறையில் மதிய வேலை, காலையில் சும்மாதான் இருப்பாள். அதனால் பதினோரு வருடமாக அது அவள் பொறுப்பாகவே ஆகிவிட்டது. கயிற்றை வீசுவாள், கையசைப்பாள், ஆற்று வளைவில் பாய்மரம் மறையும்வரை நிற்பாள். பிறகு காலியான இடத்தைப் பார்க்கப் பிடிக்காமல், தான் குடியிருக்கும் படகுக்குள் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைப்பாள்.

அவளுடையதும் கடலோடுகிற படகுதான். மணமுறிவுக்குப் பிறகு, வீட்டு வாடகையைவிடக் குறைவாக முடியும் என்று வாங்கியது. வாங்கிய நாளிலிருந்து அதன் பாய் உறையைவிட்டு வெளியே வரவில்லை. மேல்தளம் முழுக்கத் தக்காளித் தொட்டிகள்.

“உன் படகை அவுத்து விட்டாக்கூட எங்கயும் போகாதும்மா. தக்காளிச் செடி வேர் விட்டு ஆத்தைப் புடிச்சிருக்கும்” என்பார் எதிர்ப்படகுக் கிழவர் கிளாரி.

“உங்க எஞ்சினை முதல்ல சாப்பாட்டு மேசையிலேர்ந்து இறக்கிவைங்க. ஏழு வருசமா அதுக்குப் பக்கத்துலயே சாப்பிடுறீங்க.”

குளிர்காலத்தில் படகின் கூரை வியர்த்துத் தலையணையில் சொட்டும். மெத்தையைத் தூக்கினால் அடியில் பூஞ்சை. குளிக்க வேண்டுமென்றால் மழையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்கு ஓட வேண்டும். யார் வீட்டு உள்ளாடை எத்தனை பழையது என்பது துவைக்கும் அறையில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் படகின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டாமல் யாரும் யார் படகிலும் கால் வைக்க மாட்டார்கள்.

ஓடில் அப்படித் தட்டவில்லை, மோதினாள். கனடாவின் கியூபெக்கிலிருந்து தன்னந்தனியாகக் கடல் தாண்டி வந்தவள், பக்கத்து இடத்தில் படகை நுழைக்கும்போது ரேவினின் படகில் ஒரு முழம் நீளத்துக்குப் பெயிண்டை உரித்துவிட்டாள். மறுநாள் தூரிகையும் டப்பாவுமாக வந்து நின்றாள்.

“கலர் வேற. என்னோடது கிரீம், இது வெள்ளை” என்றாள் ரேவின்.

“தெரியும். கடையில இதுதான் இருந்துச்சு. கண்ணைச் சுருக்கிப் பாரு, ஒண்ணாத்தான் தெரியும்.”

ரேவின் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒன்றாகத் தெரியவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

இரண்டு படகுக்கும் நடுவே ஒரு கை நீளத் தண்ணீர். காலையில் இருவரும் அவரவர் படுக்கைக்கு மேலிருக்கும் கூரைக் கதவைத் திறந்துவைத்து, எழுந்திருக்காமலே பேசிக்கொண்டு கிடப்பார்கள். ஞாயிறுகளில் ஒருத்திக்கு ஒருத்தி முடிவெட்டிவிடுவாள். ரேவின் சமையலறையில் மீந்த கஸ்டர்டு கொண்டுவருவாள். ஓடில் தன் பாஷையின் கெட்ட வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாள். அதைவிட அதிகமாக டோங்காவின் வவாவு தீவுகளைப் பற்றிச் சொன்னாள். நெய்யாஃபு துறைமுகத்துத் தண்ணீரில் நங்கூரம் போய் மணலில் உட்காருவது மேலேயிருந்தே தெரியுமாம். தன் ஆற்றுச் சேற்றைப் பார்த்தபடி ரேவின் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள்.

இரண்டு மே மாதங்கள் ஓடிலின் கயிற்றையும் ரேவின்தான் அவிழ்த்தாள். மூன்றாவது வருடம் ஓடில் சொன்னாள்: “இந்தத் தடவை நீ மேடையில நிக்க வேண்டாம். உள்ள வந்து உக்காரு.”

ரேவின் ஆறு வாரம் விடுப்புப் போட்டாள். தக்காளித் தொட்டிகளைக் கிளாரியிடம் ஒப்படைத்தாள். இருவரும் ஆற்றோடு இறங்கி, கழிமுகத்துத் துறையில் சுங்கச் சோதனைக்காகக் காத்திருந்தார்கள். விடிந்ததும் ரேவின் கரைமேட்டில் ஏறித் திறந்த கடலைப் பார்த்தாள். இறங்கி வந்து, பையை எடுத்து மேடையில் வைத்தாள்.

“என்னால முடியல, ஓடில்.”

“கடலைப் பாத்துப் பயமா?”

“கடல் இல்ல. போயிட்டு வந்து, மறுபடி அதே சமையலறையில கஸ்டர்டு கிண்டிட்டு இருக்க முடியுமான்னு தெரியல. இப்போ முடியுது.”

ஓடில் கோபப்படவில்லை. காற்று மத்தியானம்வரைதான் சாதகமாக இருக்கும், பேச நேரமில்லை. இறுக்கிக் கட்டிப்பிடித்தாள். “அப்போ கயிறை அவுத்து விடு” என்றாள்.

மாலைப் பேருந்தில் ரேவின் திரும்பி வந்தாள். “ஆறு வாரம் இவ்வளவு சீக்கிரம் ஓடிருச்சா?” என்று ஆரம்பித்த கிளாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். சற்று நேரம் கழித்து வறுத்த மீன் ஒரு தட்டு அவள் மேல்தளத்தில் இருந்தது.

அந்த நவம்பரில் ஓடில் வரவில்லை. அண்ணனுக்குப் பக்கவாதம், கவனிக்க வேறு ஆளில்லை, படகைச் சமோவாவில் விற்றுவிட்டு விமானத்தில் ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று செய்தி மட்டும் வந்தது. பக்கத்து இடத்துக்கு யாரோ ஒரு பல் மருத்துவரின் புதுப் படகு வந்தது. அதில் ஆளே இருப்பதில்லை. நவம்பரில் தொடங்கிய அந்தக் கோடை முழுக்க ரேவின் கூரைக் கதவைத் திறக்கவில்லை. காலையில் விழிப்பு வந்ததும் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். பிறகு எழுந்து வேலைக்குப் போவாள்.

ஏப்ரல் கடைசியில், ஹென்னிங், ஊட்டா என்ற ஜெர்மன் தம்பதி டோங்கா போக மூன்றாவது ஆள் தேடுவதாகத் துவைக்கும் அறைச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ரேவின் அதைப் படித்துவிட்டுப் போனாள். அடுத்த நாளும் படித்தாள். மூன்றாம் நாள் சீட்டைக் கிழித்தெடுத்துக்கொண்டு போய் அவர்கள் படகைத் தட்டினாள்.

“எனக்குப் பாய் கட்டத் தெரியாது. சமைப்பேன். ராத்திரிக் காவலுக்கு முறை போட்டா முழிச்சிருப்பேன்.”

“கடல்ல வாந்தி எடுப்பியா?” என்று கேட்டாள் ஊட்டா.

“தெரியல. போனாத்தான் தெரியும்.”

கிளம்பிய அன்று கயிற்றை அவிழ்த்தது கிளாரி. இரவு உடையோடு வந்து, முடிச்சோடு மல்லுக்கட்டி, “எவன்டா இப்படிக் கட்டினது” என்று திட்டினார்.

“நான்தான் கட்டினேன்” என்றாள் ரேவின்.

“அதான பாத்தேன். போயிட்டு வா. உன் தக்காளிய எல்லாம் நானே தின்னுடுவேன்.”

மூன்று நாள் வாந்தி எடுத்தாள். நாலாம் நாள் பிஸ்கட் தின்றாள், ஐந்தாம் நாள் சமைத்தாள். பதினோராம் நாள் காலையில் வவாவுவின் மலைகள் தெரிந்தன. நெய்யாஃபுவில் ஹென்னிங் நங்கூரத்தை இறக்க, ரேவின் முன்பக்கம் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். நங்கூரம் மணலில் உட்கார்ந்தது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் பக்கத்தில் இல்லை.

ஞாயிறு காலையில் சிக்னல் கிடைத்தது. கனடாவில் அப்போது இன்னும் சனிக்கிழமை மாலை. ஓடில் எடுத்தாள்.

“எங்கேர்ந்து பேசுற?”

“நெய்யாஃபு.”

“பொய் சொல்லாத.”

“ஊட்டாவைப் பேசச் சொல்லட்டுமா?”

ஓடில் கேட்டாள்: “தண்ணி எப்படி இருக்கு இன்னிக்கு?”

“கிட்டக்கப் பச்சை. தள்ளிப் போனா ஒரு நீலம், அதுக்குப் பேரு தெரியல. நீ சொன்னப்ப எல்லாம் கொஞ்சம் கூட்டிச் சொல்றியோன்னு நினைச்சிருந்தேன். நீ குறைச்சுத்தான் சொல்லிருக்க.”

“எரிச்சலா வருது ரேவின்.”

“எம்மேலயா?”

“உம்மேல இல்ல. அண்ணன் வீட்டு லிஃப்ட் மேல. தினமும் நாலு தடவை அதுல ஏறி இறங்குறேன். அதுக்குள்ள ஒரு கண்ணாடி வேற. தரை அசையவே மாட்டேங்குது, தூக்கம் வரல.”

கரையில் தேவாலயத்தில் பாட ஆரம்பித்தார்கள். ஆண்களின் குரல் தண்ணீர்மேல் தடித்து வந்தது.

“அது கோயில் பாட்டுதான?” என்றாள் ஓடில்.

“ஆமா.”

“வச்சிடாத. பேச வேண்டாம். போனை அப்படியே புடி.”

ரேவின் படகின் ஓரத்துக்குப் போய்க் கையைக் கரைப்பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள். போனுக்குள் ஓர் ஆண் குரல் குழறலாக ஏதோ கேட்டது. ஓடில் தன் பாஷையில் மெதுவாகப் பதில் சொன்னாள். கொஞ்சம் பொறு என்று சொல்லியிருப்பாள். ரேவினுக்குத் தோள் கடுத்தது. போனை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். பாட்டு இன்னும் முடியவில்லை.