நூறு மீட்டர் கோடு

டேப்பு அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் நகராட்சியின் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் டேப்பு அக்காதான். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் அளவு டேப், கம்பி வெட்டும் குறடு, இரண்டு மூன்று சாக்பீஸ். தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் காலை அந்தப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாரென்றால், வாக்குப்பதிவு முடிகிற வரை எந்தக் கட்சிக்காரனுக்கும் நிம்மதி கிடையாது.

விதி சின்னதுதான். மின்கம்பம், மரம், பாலம், அரசுக் கட்டடம் எதிலும் வேட்பாளர் படம் தொங்கக் கூடாது. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவருக்குச் சம்மதம் இருக்க வேண்டும். அட்டை மூன்றடிக்கு மேல் போகக் கூடாது. இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. இருந்தாலும் மரத்தில் கட்டக் கூடாது என்றால் மரத்தில் ஏணியைச் சாய்த்து வைத்து ஏணியில் கட்டுவார்கள். ஒருவர் தன் நாய்க்குச் சட்டை தைத்து, அதில் வேட்பாளர் முகத்தை அச்சடித்துத் தெருவில் விட்டார். எதிர்க்கட்சிக்காரர்கள் ஓடிவந்து புகார் சொன்னார்கள்.

"நாய் நடமாடுது. கம்பம் மாதிரி ஒரே இடத்துல நின்னா சொல்லுங்க, வந்து கழட்டுறேன்" என்று அக்கா போய்விட்டார். நாய்க்கே சட்டை பிடிக்காமல் மறுநாள் கடித்துக் கிழித்துவிட்டது.

ஒரு கட்சியின் பேனரை அறுத்தால் அவர்கள் அக்காவை மற்றக் கட்சியின் கைக்கூலி என்பார்கள். அந்தக் கட்சியின் பேனரை அறுத்தால் இவர்கள் அதையே சொல்வார்கள். அக்கா இரண்டையும் ஒரே முகத்தோடு கேட்டுக்கொள்வார். தான் யாருக்கு ஓட்டுப் போடுகிறோம் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, கட்டின புருஷனிடம்கூட. "இவ மனசுல என்ன இருக்குன்னு தோண்டிப் பார்த்தாலும் தண்ணி வராது" என்று அந்தப் புருஷனே சொல்லிச் சிரிப்பார்.

புருஷன் பஸ் டிரைவராக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன்பு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் பழைய வேகத்தில் ஓடுகிறது. சக்கர நாற்காலி ஒன்று வாங்கினார்கள். வாங்கிய அன்றே வெளிக்காற்று வாங்கப் போகிறேன் என்று வாசலைத் தாண்டினார். அவர்கள் வீட்டைச் சுற்றிச் சாக்கடை மேல் போட்டிருக்கும் நடைபாதைப் பலகைகளில் பாதி உடைந்தும் மீதி காணாமலும் கிடக்கின்றன. சக்கரம் ஓட்டையில் இறங்கி, நாற்காலி கவிழ்ந்து, மனிதர் நெற்றி கிழிந்து உள்ளே வந்தார். அதற்குப் பிறகு தெருப் பக்கம் போகவே இல்லை. நாற்காலி வீட்டுக்குள் மட்டும் ஓடியது. ஓடாத நேரத்தில் அதன் மேல் துண்டு காய்ந்தது.

அவர்கள் வீடு தெருவின் கடைசியில், தெருவுக்குக் குறுக்கே நிற்பதுபோல் இருக்கிறது. முன்னறைச் சன்னலில் உட்கார்ந்தால் தெருவின் மறுகோடியில் இருக்கும் நூலகம் வரை நேராகத் தெரியும். டிரைவரின் கட்டில் அந்தச் சன்னலுக்கு அடியில்தான். முதல் மாதம் வந்து விசாரித்தவர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். நிற்காதவர் சலூன்காரர் ஒருவர்தான். ஞாயிறு என்றால் சலூனில் கூட்டம் தள்ளும். அன்றைக்குத்தான் கடை திறப்பதற்கு முன்னால் பையோடு வந்து டிரைவருக்கு முகம் மழித்துவிட்டுப் போவார்.

நடைபாதையைச் சரிசெய்யச் சொல்லி மனு கொடுத்துக் கொடுத்துச் செருப்பைத் தேய்த்தவரும் அவர்தான். கிணற்றில் போட்ட கல். கடைசியில் ஒருநாள், டிரைவரின் பாதி முகத்தில் சோப்பு நுரை இருக்கும்போது, "அண்ணே, நானே கவுன்சிலருக்கு நிக்கப்போறேன்" என்றார். டிரைவர் சிரித்ததில் கத்தி பட்டுவிட்டது.

கட்சி கிடையாது, ஆள் கிடையாது. சின்னமாகக் கத்தரிக்கோல் கேட்டார், பூட்டு கொடுத்தார்கள். விதி தெரியாமல் தன் அட்டைகளை எல்லாம் மின்கம்பங்களில் கட்டிவிட்டார். மறுநாள் அக்கா குறடோடு வந்து வரிசையாக அறுத்தார். சலூன்காரர் சீப்பும் கையுமாகக் கடை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே ஒருவர் பாதித் தலையோடு காத்திருந்தார்.

"அக்கா, பெரிய கட்சிக்காரங்களும் கம்பத்துலதானே கட்டியிருந்தாங்க?"

"அதை நேத்தே எடுத்தாச்சு."

"சரிக்கா."

ஞாயிற்றுக்கிழமை சலூன்காரர் வழக்கம்போல் பையோடு வந்தார். அக்கா டீ கொடுத்தார்.

மிச்சமிருந்த அட்டைகளைத் தூக்கிக்கொண்டு சலூன்காரர் வீடு வீடாகச் சம்மதம் கேட்டுப் போனார். பார்க்கலாம் என்றார்கள், பையன் வரட்டும் என்றார்கள், உனக்கேம்ப்பா இந்த வேலை என்றார்கள். கத்திக்குக் கழுத்தை நீட்டுகிறவர்கள் ஒரு சன்னலை நீட்டவில்லை. கேள்விப்பட்ட டிரைவர் கட்டிலில் இடது கையை ஊன்றி எழுந்தார். "என் சன்னல்ல மாட்டுடா. எவன் கேக்கறான்னு பாப்போம்."

கேட்க வேண்டியவர் வீட்டிலேயே இருந்தார். அக்கா மேலதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு உரிமை இருக்கு, தடுக்க முடியாது. ஆனா ஊழியர் நீங்க. நீங்க அதைத் தொடக் கூடாது, எந்த வேட்பாளருக்கும் கை நீட்டக் கூடாது. ஏற்கெனவே உங்க மேல புகார் இருக்கு. பொய்யோ நிஜமோ, இன்னும் ஒண்ணு வந்துச்சுன்னா தெருவுலேர்ந்து எடுத்து உள்ள ஃபைல் அடுக்கப் போட்டுருவேன். ரிட்டயர் ஆகப் போற நேரத்துல எதுக்கு?"

அக்காவுக்கு அது சாதாரண மிரட்டல் இல்லை. நாற்காலியில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்காரத் தெரியாதவர். வீட்டில் ஒருவர் நாலு சுவருக்குள் கிடப்பதைத் தினமும் பார்க்கிறவர் வேறு. அந்தத் தெருச்சுற்றல்தான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

அட்டையைச் சலூன்காரரே மாட்டினார். அக்கா அந்த நேரம் சமையலறையில் பாத்திரம் கழுவினார். வார்டு முழுவதற்கும் பூட்டுச் சின்னத்துக்கு இருந்தது அந்த ஒரே அட்டைதான். தெருவில் போகிறவர்கள் அதை நிமிர்ந்து பார்த்தார்கள், அப்படியே கீழே டிரைவரையும் பார்த்தார்கள், சிலர் கையசைத்தார்கள். டிரைவர் தினமும் தலை சீவிக்கொள்ள ஆரம்பித்தார்.

வாக்குச்சாவடி எப்போதும் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கும். அந்த முறை கூரை வேலை நடந்ததால் நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாக்குச்சாவடி வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் எந்த வேட்பாளரின் அடையாளமும் இருக்கக் கூடாது. முந்தின நாள் மாலையே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். உத்தரவு வந்த அன்றே எதிர்வீட்டுக்காரர் நகராட்சிக்குப் போன் போட்டுவிட்டார். அவர் பெரிய கட்சியில் தெருப் பொறுப்பாளர். கெட்டவர் இல்லை, கடமை தவறாதவர்.

சனிக்கிழமை மாலை அக்கா நூலக வாசலிலிருந்து அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பினார். எதிர்வீட்டுக்காரர் கூடவே நடந்தார். சக்கரம் தெரு முழுக்க உருண்டு, அக்காவின் வாசற்படி ஏறி, முன்னறைக்குள் நுழைந்து, கட்டிலைத் தாண்டி, சமையலறை நிலைப்படியில் வந்து நூறைக் காட்டியது. அக்கா குனிந்து தன் வீட்டுத் தரையிலேயே சாக்பீஸால் கோடு போட்டார்.

"அப்ப நான் எந்தப் பக்கம்?" என்றார் டிரைவர் கட்டிலில் இருந்து.

"உள்ள."

"நானும் தடையா?"

"ஆளுக்குத் தடை இல்லைங்க. அட்டைக்குத்தான்."

எதிர்வீட்டுக்காரர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "நான் பொதுவாத்தான் சொன்னேன் அண்ணே. சட்டம்னா சட்டம்தானே" என்று நழுவினார்.

அவர் போனதும் டிரைவருக்குக் குரல் உயர்ந்தது. "ஊர்ல சலூன்காரன் கட்டினதையெல்லாம் அறுத்தே. ஒண்ணே ஒண்ணு மிச்சம். அதையும் அறுக்கப் போறியா? நாளைக்கு அவன் ஓட்டுப் போட வரும்போது தெருவுல நுழைஞ்சதும் இந்தச் சன்னலைத்தான்டி பாப்பான்."

"பாக்கட்டும். அதுக்காக நான் என்ன பண்ண?"

"ரெண்டு வருஷத்துல நான் செஞ்சது இது ஒண்ணுதான். வேற என்ன செஞ்சேன் சொல்லு. தின்னேன், படுத்தேன்."

அக்கா ஸ்டூலில் ஏறி அட்டையை அவிழ்த்தார். கழற்றுவது அவர் வேலை, அதற்குத் தடை இல்லை. அட்டையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சமையல் மேடையில் வைத்தார். "கோட்டுக்கு அந்தப் பக்கம் உங்க வீடுதான். எங்க வைக்கணும்னாலும் நீங்க வைங்க. நான் வைக்க மாட்டேன்."

"சமையக்கட்டு ஜன்னல் குப்பை கொட்டுற சந்துப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு. அங்க வச்சா காக்காதான் ஓட்டுப் போடும்."

ஆனாலும் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார். ஒற்றைக் கையால் அட்டையைச் சமையலறைச் சன்னல் கம்பிக்குள் செருக வெகுநேரம் ஆயிற்று. இரண்டு முறை அட்டை பாத்திரத்தோடு விழுந்தது. அக்கா முன்னறையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். உதவிக்குப் போக முடியாததில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. டிரைவர் முன்னறைக்குத் திரும்பவில்லை. படம் இருக்கும் இடத்தில்தான் இருப்பேன் என்று அடம்பிடித்ததால், பாயையும் தலையணையையும் அங்கே கொண்டுபோய்ப் போட வேண்டியதாயிற்று.

மறுநாள் வாக்குப்பதிவு. அக்கா நகராட்சி மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் பக்கவாட்டில் பின்தெருவிலிருந்து வரும் சந்தில் கோடு போட்டு நின்றார். உள்ளே போகிறவர்களின் சட்டையில் கட்சி பேட்ஜ் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். காலையிலேயே சலூன்காரர் இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் பையுமாகத் தெருவுக்குள் நுழைந்தார். மறுகோடியிலிருந்தே சன்னலைப் பார்த்தபடி நடந்து வந்தார். சன்னல் காலியாக இருந்தது. கட்டிலும் காலி. சன்னலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சந்துக்குத் திரும்பி அக்காவிடம் வந்தார்.

"அதையும் எடுத்துட்டீங்களாக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால் அக்காவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை வருடமும் அந்தக் கேள்விக்கு விதியைத்தான் பதிலாகச் சொல்லியிருக்கிறார்.

"அவர் சமையக்கட்டுல இருக்காரு. பின்பக்கமா போங்க" என்றார்.

சலூன்காரர் போய் வெகுநேரம் ஆயிற்று. உள்ளே பேச்சும் இருமலும் கேட்டன. பிறகு பின்கதவு திறந்தது. டிரைவர் மழமழவென்று மழித்த முகத்தோடு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நான் ஓட்டுப் போடணும்" என்றார். சலூன்காரர் ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தார். மறுபக்கத்துக்கு ஆள் இல்லை.

எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்தார். "வேட்பாளரே ஓட்டரைத் தூக்கிட்டு வரலாமா அக்கா? இது என்ன நியாயம்?"

"அவர் ஒருத்தரே தூக்கினா தப்பா தெரியும்தான். நீங்க ஒரு பக்கம் பிடிங்க. அப்ப யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

எதிர்வீட்டுக்காரர் யோசித்தார். அதில் குறை சொல்ல ஒன்றும் தட்டுப்படவில்லை. பிடித்தார்.

கோட்டருகே வந்ததும் அக்கா கையை நீட்டித் தடுத்தார். டிரைவரின் சட்டைப் பையில் பூட்டுச் சின்னம் போட்ட பேட்ஜ் குத்தியிருந்தது. "என்னங்க, இதோட உள்ள போக முடியாது."

டிரைவர் தாடையை நிமிர்த்திக்கொண்டார். "எடுத்துக்கோ."

அக்கா கழற்றினார். நாற்காலி ஆடி ஆடித் தெருவில் இறங்கி நூலகத்துக்குப் போயிற்று. இரண்டு வருடத்துக்குப் பிறகு டிரைவரைத் தெருவில் பார்த்தவர்கள் கதவைத் திறந்து வெளியே வந்தார்கள். அக்கா பேட்ஜை உள்ளங்கையில் மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தார்.

திரும்பி வந்து கோட்டைத் தாண்டியதும் டிரைவர் நிறுத்தச் சொன்னார்.

"இப்ப நான் வெளியதானே?"

"ஆமா."

"என்னுதைக் குடு."

கொடுத்தார். டிரைவர் இடது கையால் குத்தப் பார்த்தார். ஊசி நழுவியது. மறுபடி முயன்றதில் பேட்ஜ் கீழே விழுந்து உருண்டு அக்காவின் காலடியில் நின்றது. "இறக்கி வைங்கய்யா, நான் குத்தி விடறேன்" என்றார் சலூன்காரர். இறக்கி வைக்க இடம் இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் நடைபாதைப் பலகைகள் இல்லை, கீழே சாக்கடை திறந்து கிடந்தது. இருவரும் ஆளுக்கொரு விளிம்பில் கால் வைத்துத் தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். நான்கு கைகளும் நாற்காலியில் இருந்தன. டிரைவருக்கு இருந்ததோ ஒரே கை. சந்தில் வேறு யாரும் இல்லை.

டிரைவர் மனைவியைப் பார்க்கவில்லை. "விடு, பரவாயில்ல" என்றார்.

அக்கா குனிந்து பேட்ஜை எடுத்து முந்தானையில் துடைத்தார். நகராட்சி மேல்சட்டையோடு டிரைவர் முன்னால் குனிந்து, சட்டைப் பையின் தையலுக்கு நேராக, கோணாமல் குத்தினார்.

"அக்கா," என்றார் எதிர்வீட்டுக்காரர் மூச்சு வாங்கியபடி, "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பாருங்க. பாத்ததைப் போன்ல சொல்லுங்க, நம்பர்தான் உங்களுக்குத் தெரியுமே" என்ற அக்கா, ஊசிமுனை உள்ளே அவர் மார்பில் படுகிறதா என்று சட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.