பிள்ளை இப்ப யாரு கையில?

1. முதல் நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அந்தக் கடற்கரைச் சுற்றுலாக் கேம்பில் ஒரு டென்ட்கூட நிற்கவில்லை. முந்தின நாள் கட்டியதையெல்லாம் காற்று பிடுங்கித் தாழைப் புதரில் போட்டிருந்தது. முதலாளி ஜெயசிங் சார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிச்சமிருந்த ஒரு டென்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்தால் அதுவும் பறந்துவிடும்.

“நீதான பிலோமி? பேக்க அங்க வெச்சிட்டு இஞ்ச வந்து இரி” என்றார்.

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராகச் சேர்ந்தவள் நான். முதல் வேலை, டென்ட் பறக்காமல் உட்கார்ந்திருப்பது. அவர் போய் அரிசிச் சாக்குகளில் மணலை நிரப்பி, குழி தோண்டிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டினார். மஸ்கட்டில் சாரம் கட்டுகிற வேலையில் ஃபோர்மேனாக இருந்தவர். கடற்கரை மணலில் முளைக்கம்பி நிற்காது, புதைத்த சாக்கு நிற்கும். அதன்பிறகு எங்கள் டென்ட் எதுவும் பறந்ததில்லை.

அதற்கு முன் நான் நாகர்கோவிலில் ஒரு லாட்ஜில் இருந்தேன். லாட்ஜுக்கு வருகிறவர்கள் சாவியை வாங்கிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கேம்பில் கதவு கிடையாது, ஜிப்தான். காலையில் பல் தேய்க்கும்போதே பக்கத்து டென்ட்காரர்கள் பழக்கமாகிவிடுவார்கள். மத்தியானம் பார்த்தால் திண்டுக்கல்காரர்களின் புளிச்சோறு கொல்லத்துக்காரர்களின் தட்டில் இருக்கும். குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு மட்டும்தான் இடம் என்று சார் உறுதியாக இருந்தார். குடி கிடையாது, ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு கிடையாது. எங்களுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்: கெஸ்ட் இல்லாத நேரத்தில் அவர்கள் டென்ட்டைத் திறக்கக் கூடாது. துண்டு மாற்றுவதானாலும் அவர்கள் வந்த பிறகுதான்.

“டென்ட்டுக்குப் பூட்டு இல்ல பிலோமி. நம்ம வாக்குதான் பூட்டு, கேட்டியா?” என்பார்.

2. கயிறு

கேம்ப் இருந்த கரை, கடியப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம், என் சொந்த ஊரை ஒட்டியது. எங்கள் ஊர்க்காரர்கள் வலை காயப்போடும் மணல் அது. முதல் சீசனிலேயே சார் கரையின் குறுக்கே மஞ்சள் கயிறு கட்டினார்.

மறுநாள் கில்பர்ட் மாமா வந்தார். என் அம்மாவின் தம்பி, இரண்டு மீன்பிடி வள்ளங்களுக்குச் சொந்தக்காரர், ஊரில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“கடலுக்கும் வேலி கெட்டியாச்சா? நீயும் அதுக்குள்ள நின்னுட்டு சிரிக்கியா, ஏட்டி?”

நான் சிரிக்கவில்லை. சார்தான் பதில் சொன்னார். “பிள்ளையளு ஓடி வெளையாடுத எடம். வலையில காலு மாட்டிச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?”

“எங்க பிள்ளையளும் இந்த மணல்லதான் வெளையாடிச்சு” என்று மாமா திரும்பிப் போய்விட்டார்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதுதான் கஷ்டம். அதற்குப்பிறகு ஊரில் யாரும் கேம்புக்கு மீன் தரவில்லை. கடல் வாசலில் இருக்க, நாங்கள் நாகர்கோவில் சந்தையிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன் கொண்டுவந்தோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது மாமா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

3. மணலில் ஒரு வாளி

கிறிஸ்துமஸ் லீவில் ஒரு சனிக்கிழமை. எல்லா டென்ட்டும் நிறைந்திருந்தது. சாயங்கால டீக்கு அடுக்களையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த கவிதா, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, யாழினி இங்க வந்தாளா?”

யாழினி அவளுடைய மூத்த பெண். நாலு வயது. “இல்லியே. அப்பா கூட நிக்குவா, பாரு” என்றேன்.

அப்பா செந்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார். கவிதா கேட்டதும், “உன் கூடத்தான வந்தா? நீ பாப்பாவக் குளிப்பாட்டப் போறப்ப பின்னாடியே வந்தாளே” என்றார்.

“நான் உங்ககிட்ட விட்டுட்டுல்ல போனேன்.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முகங்களை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அவர்கள் டென்ட்டில் பார்த்தோம். பாத்ரூம் வரிசையில் பார்த்தோம். ஆள் இருந்த டென்ட்களிலெல்லாம் கேட்டோம். பிறகு யாரோ கடல் பக்கம் கையைக் காட்டினார்கள். ஈர மணலில் அவளுடைய சிவப்பு வாளி கிடந்தது. அலை அதைத் தொட்டுத் தொட்டு உருட்டிக்கொண்டிருந்தது.

செந்தில் பேன்ட் சட்டையோடு கடலுக்குள் ஓடினார். எங்கள் கரை சட்டென்று இறங்குகிற கரை. லைஃப்கார்டு அந்தோணி அவரைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக் கரைக்கு இழுத்துவிட்டு, பிறகு தானே முங்கித் தேடினான்.

நான் போனை எடுத்துக் கில்பர்ட் மாமாவைக் கூப்பிட்டேன். பல மாதமாகப் பேசாத மனுஷன்.

“மாமா, கேம்புல ஒரு பெண்பிள்ளையக் காணல. நாலு வயசு.”

“எந்தப் பக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

கொஞ்ச நேரத்தில் மாதா கோயில் மைக்கில் அறிவிப்பு கேட்டது. அது முடிவதற்குள் கரையோரமாக ஆட்கள் ஓடிவர ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் தாழைப் புதருக்குள்ளும் பாறை இடுக்குகளிலும் புகுந்து, “மோளே, மோளே” என்று கூப்பிட்டார்கள். கடலில் வள்ளங்கள் வந்தன. வலையைத் தோளில் தூக்கிவந்தவர்கள் மஞ்சள் கயிற்றின் முன்னால் ஒரு நிமிடம் தயங்கினார்கள். ஜெயசிங் சார் அடுக்களைக் கத்தியோடு ஓடிவந்து அந்தக் கயிற்றை அறுத்தார். வலையோடு நின்றவர்கள் தண்ணீரை நோக்கி ஓடினார்கள்.

வெயில் சாயத் தொடங்கியது. மாமா சாரிடம் வந்து மெல்லச் சொன்னார்:

“சார், நேரம் போவுது. மடி வளைக்கட்டா?”

கவிதா என் பக்கத்தில்தான் நின்றாள். “அக்கா, மடின்னா என்ன?” என்று கேட்டாள்.

“வலை” என்றேன்.

எதற்கு வலை என்று அவளுக்கே புரிந்துவிட்டது. குழந்தையை அணைத்தபடி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பக்கத்தில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வாளி கிடந்த இடத்துக்குப் போனேன். கடலைப் பார்க்கப் பயந்து திரும்பி நின்றேன். எதிரே கேம்ப். நடுவில் பாதை, இருபுறமும் ஒரே பச்சை நிறத்தில் டென்ட்கள். ரோட்டுப் பக்க வாசல் வழியாக வந்தால் யாழினியின் டென்ட் வலதுகைப் பக்கம், முதலாவது. ஆனால் நான் இப்போது நின்ற இடத்திலிருந்து வலதுகைப் பக்கம் முதலாவது என்றால், அது வேறு டென்ட். எதிர் வரிசை, மறு கோடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி கடல் பக்கமிருந்து வந்து, போர்வைகளைத் தவறான வரிசைக்குச் சுமந்துகொண்டு போனது நினைவுக்கு வந்தது.

பிள்ளையும் கடல் பக்கமிருந்துதானே திரும்பியிருப்பாள்? அந்த டென்ட் கொல்லத்திலிருந்து வந்த ஒரு தம்பதியுடையது. அவர்கள் காலையிலேயே கன்னியாகுமரி பார்க்கப் போயிருந்தார்கள். ஆள் இல்லாததால் அதை யாரும் தொடவில்லை. ஜிப் மூடித்தான் இருந்தது. கீழே மட்டும் ஒரு முழம் திறந்திருந்தது.

யாரிடமும் சொல்லாமல் ஜிப்பை இழுத்துத் திறந்தேன்.

பைகளுக்குப் பின்னால், மடித்து வைத்திருந்த போர்வைமேல் யாழினி படுத்திருந்தாள். பாதம் முழுக்க மணல். முதுகில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு ஏறி இறங்கியது. நல்ல உறக்கம்.

“சார், புள்ள இஞ்ச உண்டு” என்றேன். வெளியே வந்து கையை வீசினேன்.

கவிதா கைக்குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தவழ்ந்து உள்ளே போனாள். செந்தில் உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட வாசலில் நின்றார். உள்ளே பார்க்கப் பயப்படுகிறவர் போல முகத்தை மூடிக்கொண்டார். மாமா தோளில் கிடந்த துண்டை உயர்த்தி வள்ளங்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு வள்ளமாகக் கரை திரும்பியது.

அந்த நேரத்தில்தான் கொல்லத்துத் தம்பதி வந்து சேர்ந்தார்கள். தங்கள் டென்ட்டைச் சுற்றி ஒரு ஊரே நிற்பதைப் பார்த்துத் திகைத்துப் போனார்கள்.

“சாரே, உங்க டென்ட்டத் தெறந்துட்டோம். மன்னிக்கணும்” என்று ஜெயசிங் சார் தடுமாறினார்.

அந்த அம்மாள் குனிந்து உள்ளே பார்த்தார். பிள்ளையை எழுப்பப்போன கவிதாவின் கையைத் தொட்டார். “உணர்த்தண்டா. உறங்கிக்கோட்டே” என்றார். எழுப்ப வேண்டாம், உறங்கட்டும் என்று. மலையாளம் தெரியாத கவிதாவுக்கும் அது புரிந்தது.

எல்லோரும் சத்தம் அடக்கி அங்கேயே மணலில் உட்கார்ந்தோம். ஈரத்தோடு வந்த ஐம்பது அறுபது பேருக்கும் டீ போனது. சார் தன் கையாலேயே மாமாவுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். மாமா ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “சாயால சீனி கொறவு. அடுத்த தடவ கூட்டிப் போடச் சொல்லுங்க.”

யாழினி தானாக எழுந்து வெளியே எட்டிப் பார்த்தாள். “அம்மா, ஏன் எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்திருக்காங்க?” என்று கேட்டாள்.

4. மீன்கள்

அறுந்த கயிற்றை அதற்குப்பிறகு யாரும் கட்டவில்லை. காலையில் வலை, பிற்பகலில் பிள்ளைகள் என்று சாரும் மாமாவும் பேசி முடித்தார்கள். அடுக்களைக்குச் சாளையும் நெத்திலியும் துடிக்கத் துடிக்க வந்தன. ஞாயிற்றுக்கிழமை மாமா எனக்காகக் கோயில் வாசலில் காத்து நின்றார்.

டென்ட்களுக்குப் பெரிய எழுத்தில் நம்பர் போடலாம் என்றார் சார். “நாலு வயசுப் பிள்ளைக்கு நம்பர் தெரியுமா சார்?” என்றேன். வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற சேவியரைக் கூப்பிட்டோம். ஒரு டென்ட்டில் நண்டு, ஒன்றில் வாளை, ஒன்றில் திருக்கை, ஒன்றில் கணவாய் என்று வரைந்தான். திருக்கையின் வாலைத் துணி முழுக்கச் சுற்றி இழுத்துவிட்டான். அந்த டென்ட்டுக்குத்தான் பிள்ளைகள் சண்டை போடுவார்கள். சைவக் குடும்பம் ஒன்று மீன் டென்ட்டில் படுக்க மாட்டோம் என்று சொன்னது. அவர்களுக்காக ஒன்றில் தென்னைமரம் வரைந்தோம்.

5. கற்றது

போன வருஷம் முட்டுவலியால் வேலையை விட்டேன். இப்போது அஜிதா அந்த இடத்தில் இருக்கிறாள். இந்த மாதிரி இடங்களில் புதிதாக வேலைக்குச் சேருகிற பெண்கள் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். போர்வையில் மணல் போக என்ன செய்ய, பாத்ரூமில் உப்புக்கறை போக என்ன போட என்று. அதெல்லாம் பத்து நாளில் தானே வரும்.

நான் சொல்வது ஒன்றுதான். யாரும் பார்க்காதபோது பிள்ளை தொலைவதில்லை. பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருந்து, மற்றவர் பார்க்கிறார் என்று இருவரும் நினைக்கிறபோதுதான் தொலையும். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு, வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் நான் சிரித்துக்கொண்டே கேட்பேன்: “பிள்ளை இப்ப யாரு கையில?” யாராவது ஒருவர் “என் கையில” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கைமாற்றினாலும் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பெரியவர்களுக்கு முதல் நாள் வெட்கமாக இருக்கும். மறுநாள் விளையாட்டாகிவிடும்.

இப்போது வீட்டில் சும்மா இருக்கும் சாயங்காலங்களில் அதுதான் நினைவுக்கு வருகிறது. கடல் இரைச்சலுக்கு மேலே, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு அப்பா கரையைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துவார்: “என் கையில, என் கையில.” கரையில் நிற்கிற அம்மா ‘கேட்டது’ என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, டீ குடிக்க வருவாள்.