நீலமேகம் மகளைப் பார்த்த எட்டாம் நாள்

நீலமேகம் மராமத்து அலுவலகத்தில் வரைபடக்காரர். காரைக்கால் வாய்க்கால்களைப் பத்து சென்டிமீட்டர் பிசகாமல் தாளில் இறக்கிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு, 1953 ஐப்பசியில், தன் சொந்த வீட்டில் மூன்று மீட்டர் தூரத்தில் கிடந்த மகளின் முகத்தைப் பார்க்க எட்டு நாள் ஆயிற்று.

தடுத்தவர் மாமியார் தையல்நாயகி. சுரக்குடியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்திறங்கினார். கூடவே சுக்கு, திப்பிலி, பூண்டு, கருப்பட்டி, ஒரு லேகியப் பானை, ஒரு கோழி.

முதல் பிரசவம் முறைப்படி சுரக்குடியில் நடந்தது. ஏழாம் நாள் குழந்தையைப் பார்க்கப் போவதாக இருந்தார் நீலமேகம். ஆறாம் நாள் அது போய்விட்டது. அவர் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பையன் என்பது தெரியும். யார் சாயல் என்பது தெரியாது. அதனால் இரண்டாவது பிரசவம் தன் வீட்டில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். நடந்தது.

பெண் குழந்தை, சுகம் என்று மருத்துவச்சி காசியம்மா சொல்லிவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் மாமியார் கதவை ஒருக்களித்துக்கொண்டு அறிவித்தார். குழந்தை கொடி சுற்றிப் பிறந்திருக்கிறது. தாய்மாமனுக்கு ஆகாது. அவன் வந்து கிண்ணத்து எண்ணெயில் குழந்தையின் நிழலைப் பார்த்துத் தோஷம் கழித்தாக வேண்டும். அதுவரை வேறு எந்த ஆணும் முகம் பார்க்கக் கூடாது, பெற்றவர் உட்பட. கடைசியாகச் சொன்னது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. நீலமேகத்துக்கு அது அப்போது தெரியாது.

இதையெல்லாம் மாமியார் கோழியிடம் சொன்னார். மருமகனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. “சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு” என்பதும் கோழியிடம்தான். நான்காம் நாள் கோழி குழம்பானது. பிறகு தூணிடம் சொன்னார். வீட்டில் ஒரே அடுப்பு, ஒரே சமையல். பிள்ளை பெற்றவளுக்கு ஆக்கிய பத்தியம்தான் நீலமேகத்துக்கும். பூண்டும் கருப்பட்டியும் தின்று பெற்றவளைவிட அவருக்கு உடம்பு தேறியது.

தாய்மாமன் சோமுவுக்குப் பேரளத்து அரிசி ஆலையில் வேலை. கடிதம் போயிற்று. பதிலும் உடனே வந்தது. ஆலையில் வேலை அதிகம், கடிதம் படித்ததிலிருந்து நெஞ்சு படபடக்கிறது, நாற்பது நாள் கழித்து வருகிறேன் என்று எழுதியிருந்தான்.

மூன்றாம் நாள் பிறப்பைப் பதிவு செய்தே ஆக வேண்டும். பிரெஞ்சுச் சட்டம் தாய்மாமனுக்காகக் காத்திருக்காது. மேரி என்று ஊரார் சொல்லும் நகராட்சி அலுவலகத்துக்கு இரண்டு சாட்சிகளோடு போனார். எழுத்தர் முகம்மது இப்ராஹிம் தெரிந்தவர். பெயர் ஞானசௌந்தரி என்று எழுதிக்கொண்டு, புள்ளை யார் மாதிரி என்று பேச்சுக்குக் கேட்டார். நீலமேகம் உண்மையைச் சொன்னார்.

“பாக்காமலா பதிய வந்தீங்க?”

“அழுற சத்தம் கேட்டேன்.”

இப்ராஹிம் பேனாவை மையில் தொட்டு எழுதினார். “அது போதும். சட்டத்துல முகம்னு ஒண்ணும் போடலை.”

மனைவி பங்கஜவல்லியிடம் கதவு வழியே, யார் மாதிரி என்ற அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். உள்ளே சிரிப்புச் சத்தம் வந்தது. பார்த்தால் தெரியும் என்றாள்.

ஐந்தாம் நாள் நீலமேகம் தொழிலைக் கையில் எடுத்தார். தடை நேரில் பார்ப்பதற்குத்தானே. தாய்மாமனுக்கு எண்ணெய் என்றால் தகப்பனுக்குக் கண்ணாடி. சவரக் கண்ணாடியை ஒரு குச்சியில் கட்டி, கொல்லைப்புற ஜன்னல் கம்பிக்கு வெளியே நாற்பத்தைந்து பாகையில் நிறுத்தினார். தொட்டில் இருக்கும் இடத்தை முன்பே கணக்குப் போட்டிருந்தார். கணக்கு சரி. தொட்டிலின் விளிம்பு தெரிந்தது. இன்னும் இரண்டு பாகை திருப்பினார். கண்ணாடி நிறைய மாமியார் முகம். கோணிய மூக்கு, நெற்றியில் குறுக்கே ஒரு மடிப்பு.

“மாப்பிள்ளை, நீங்க என்னைப் பாக்குறீங்க. நான் உங்களைப் பாக்குறேன். புள்ளை தூங்குது.”

அவர் மருமகனிடம் நேரடியாகப் பேசிய முதல் பேச்சு அது. கண்ணாடி வழியாக என்பதால் கணக்கில் சேராது என்று நினைத்திருக்கலாம்.

ஏழாம் நாள் காலை, தூணுக்கு உத்தரவு வந்தது. சோமுவைக் கையோடு கூட்டிவரச் சொல்லு. நீலமேகம் அப்போதே பேரளத்துக்கு ரயிலேறினார். மறுநாள் மச்சினனை ஏறக்குறைய தூக்கிக்கொண்டு வந்தார்.

சோமுவைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, மடியில் வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் வைத்தார்கள். மாமியார் பின்னாலிருந்து அவன் தோளுக்கு மேல் குழந்தையை நீட்டினார். கதவிடுக்கில் நின்ற நீலமேகத்துக்குச் சோமு மட்டும் தெரிந்தான். கிண்ணம் நடுங்கியது. எண்ணெய் அலையடித்தது. சோமு கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

“பாத்துட்டேம்மா” என்றான்.

நீலமேகம் சத்தியத்துக்குப் பேர்போனவர். ஒரு மதகை இடம் மாற்றி வரைய மறுத்து மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றவர். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

திறந்தவள் காசியம்மா. பிரசவம் பார்த்ததற்குப் புடவை வாங்கிக்கொள்ள அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். எதற்கு என்று கேட்டாள். சொன்னார்கள்.

“கொடியா? எந்தப் புள்ளைக்கு? இது நேரா வழுக்கிக்கிட்டு வந்த புள்ளையாச்சே.”

சோமு கண்ணைத் திறந்தான். இத்தனை நாள் படபடப்பு வீணாய்ப் போனதில் அவனுக்குக் கோபம்கூட வந்தது. அவனை யாரும் கவனிக்கவில்லை. தையல்நாயகி குழந்தையோடு வாசற்படிக்கு வந்தார். கோழி இல்லை. தூண் பக்கம் திரும்பவும் இல்லை.

“பொய்தான் மாப்பிள்ளை. மொத புள்ளையை ஆறு நாளும் மடியிலயே வச்சுப் பாத்தேன். அந்த மொகம் இன்னும் கண்ணை விட்டுப் போகலை. இதுக்கு ஏழு தாண்டட்டும்னு இருந்தேன். இதுவும் போயிருந்தா, உங்களுக்காவது மொகம் தெரியாம இருக்கட்டுமேன்னு.”

நீலமேகம் கையை நீட்டினார். எடை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் துணியை விலக்கினார். கோணிய மூக்கு. நெற்றியில் குறுக்கே ஒரு மடிப்பு. ஐந்தாம் நாள் கண்ணாடியில் பார்த்த அதே முகம், அளவு மட்டும் சிறியது.

அவர் வெகுநேரம் குனிந்தே இருந்ததால் மாமியாருக்குச் சந்தேகம்.

“வெளிச்சம் பத்தலியா?”

“பத்துது அத்தை. ஏற்கெனவே பாத்த மாதிரி இருக்கு.”

உள்ளே பங்கஜவல்லி சிரித்தாள். இந்தத் தடவை தையல்நாயகியும் சிரித்துவிட்டு, வழக்கம் ஞாபகம் வந்து தூண் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலை நரைத்த மகளுக்கு இப்போதும் அதே மூக்கு, அதே மடிப்பு. அதைப் பார்க்க எட்டு நாள் காத்து நின்றவர் இந்தத் தை மாதத்திலிருந்து இல்லை.