மூதூர் லோஞ்சில் ஏழெழுத்துச் சொற்கள்

டீசலும் நனைந்த கயிறும் கலந்த ஒரு மணம்... இப்போதும் எங்காவது அது மூக்கில் பட்டால் என் விரல்கள் தானாக மடிந்து எழுத்தெண்ணத் தொடங்கும்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. மூதூரில் ஒரு அரச கந்தோரில் கிளாக்கர், அதுதான் முதல் வேலை. பாலங்கள் வராத காலம். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வந்து, திருகோணமலைப் படகுத்துறை ஜெட்டியில் லோஞ்ச் என்கிற மோட்டார் படகில் ஏறி, கொட்டியாரக் குடாவைக் கடந்து போகவேண்டும்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் கடலுக்கு மேலே இருக்க எனக்கு ஏலாது. முதல் வாரம் முழுக்கச் சத்தி எடுத்தேன், தின்றதெல்லாம் வாந்தியாய்ப் போனது. கண்ணை இறுக்கி மூடி, செபமாலையைப் பிடித்தபடி ஒரு மூலையில் கிடப்பேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பக்கத்தில் இருந்த பெண் தோளைத் தட்டினாள்.

"கண்ண மூடாத புள்ள. மூடினா இன்னும் தலை சுத்தும். உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

கிறுக்குப் பெண் என்றுதான் நினைத்தேன்.

அவள்தான் நசீமா. மூதூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். என் வயதுதான். அவளிடம் ஒரு விளையாட்டு இருந்தது. எல்லா இங்கிலீஷ்ச் சொல்லும் ஒரே மூன்று எழுத்தில் தொடங்க வேண்டும். ஒவ்வொரு சொல்லிலும் மொத்தம் ஏழு எழுத்துத்தான். ஒருத்தி மாறி ஒருத்தி சொல்ல வேண்டும். எழுத்துக் கூடினாலோ குறைந்தாலோ, "சொல் கடல்ல விழுந்திட்டு" என்று கையை விரிப்பாள்.

ஒரு நாள் டி-ஐ-எஸ். டிஸ்கஸ், டிஸ்மிஸ், டிசீஸ்... இன்னொரு நாள் சி-ஓ-என். கன்ட்ரோல், கனெக்ட், கன்ஃபர்ம்... நான் "கண்டக்டர்" என்று சொல்லி, ஒன்பது எழுத்தென்று தோற்றுப்போனேன். விரலை மடித்து எண்ணிக்கொண்டிருந்தால் வயிறு தன் வேலையை மறந்துவிடும். உண்மையாகவே மறந்தது!

பிறகு மாரி வந்தது. அலை லோஞ்சுக்குள்ளேயே ஏறி வந்து காலை நனைத்தது. விளையாட்டெல்லாம் எடுபடவில்லை. ஒரு இரவு அழுதுவிட்டு இடமாற்றம் கேட்டுக் கடிதம் எழுதினேன். நசீமாவிடம் சொல்லவில்லை. காலையில் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

அன்றைக்குத்தான் நடுக்குடாவில் இஞ்சின் நின்றது.

அதுவரை இஞ்சின் சத்தத்தை நான் வெறுத்தேன். அது நின்ற பிறகுதான் கடலின் சத்தம் எப்படியிருக்கும் என்று தெரிந்தது. லோஞ்ச் பக்கவாட்டில் திரும்பி ஆடத் தொடங்கியது. ஒரு பிள்ளை வீறிட்டு அழுதது. எல்லோரும் ஒரே பக்கமாக எழும்ப, லோஞ்ச்காரர் கத்தினார்.

"இருங்கோ! எல்லாரும் இருந்த இடத்தில இருங்கோ!"

நசீமா என் கையைப் பிடித்து இருத்தினாள். சத்தமாக, வகுப்பில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"இன்டைக்கு பி-ஆர்-ஈ. ஏழு எழுத்து. தொடங்கு."

"நசீமா, எனக்கு ஏலாது..."

"ப்ரிப்பேர். உன்ர முறை."

"...ப்ரிவென்ட்."

"ப்ரிடென்ட்."

முன்னால் இருந்த பள்ளிக்கூடப் பெண்ணொருத்தி திரும்பினாள். "ப்ரசென்ட் சரியா டீச்சர்?"

"சரி! அடுத்தது?"

துணி மூட்டையோடு இருந்த ஒரு முதலாளி, நெஞ்சைத் தடவியபடி, "புள்ள, எனக்கு இப்ப வாறது பிரஷர்தான்" என்றார். நசீமா விரலை மடித்து எண்ணினாள். எட்டு. வழக்கமாகச் சொல்லும் வார்த்தை வாய்வரை வந்துவிட்டது... "சொல் கட..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டாள். "ஒரு எழுத்து கூடிப்போச்சு ஹாஜியார்."

யாரோ "ப்ரேயர்" என்றார்கள்.

"எழுத்து பிழை. ஆனா அத மனசுக்குள்ள செய்யுங்க."

சிரித்தார்கள்! நனைந்து, நடுங்கிக்கொண்டு, அத்தனை பேரும் சிரித்தார்கள். அழுத பிள்ளைகூட நிமிர்ந்து பார்த்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தோமோ தெரியாது. சல்லி என்கிற ஊர்ப் பக்கத்து மீன் வள்ளம் ஒன்று எங்களைக் கண்டு, கயிறு எறிந்து, மூதூர்வரை இழுத்துக்கொண்டு போனது.

ஜெட்டியில் இறங்கிய பிறகுதான் நசீமாவின் உள்ளங்கையைக் கண்டேன். அவளுடைய நகமே பதிந்து நாலு இடத்தில் இரத்தம் கசிந்திருந்தது.

"என்ன இது?"

"எனக்கு நீந்தத் தெரியாது புள்ள" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

கந்தோருக்குப் போனேன். கடிதத்தைக் கொடுக்கவில்லை. ஏனென்று கேட்டால் பெரிய பதில் ஒன்றும் இல்லை. நாளைக்கும் அவள் இந்த லோஞ்சில் வருவாள், பக்கத்து இடம் வெறுமையாக இருக்கும்... அவ்வளவுதான் நினைத்தேன். ஆறு வருடம் போய்வந்தேன்.

இப்போது றோட்டு இருக்கிறது, பாலம் இருக்கிறது. பஸ்ஸில் ஏறிக் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மூதூர் வந்துவிடும். கால் நனைவதில்லை.

போன மாதம் அப்படித்தான் தோப்பூருக்குப் போனேன். நசீமா அங்கே மகள் வீட்டில் இருக்கிறாள். இருவருக்கும் பென்ஷன், இருவருக்கும் முழங்கால் வலி. தேத்தண்ணி குடித்துக்கொண்டே அந்த நாளைப் பற்றிக் கதையெடுத்தேன்.

அவளுக்கு ஞாபகமே இல்லை.

"இஞ்சின் எத்தினையோ தரம் நின்டிருக்கும் புள்ள... எந்த நாள சொல்ற?"

எனக்கு ஒரு கணம் என்னவோபோல் ஆகிவிட்டது. என் வாழ்க்கையைத் திருப்பிவிட்ட ஒரு நாள், அவளுக்கு இன்னொரு மாரிக்கால நாள்.

அதனால் முதலிலிருந்து சொன்னேன். முதலாளியின் பிரஷர் வந்தபோது கண்ணில் நீர் வரச் சிரித்தாள். யாரோ ஒரு கெட்டிக்காரியின் கதையைக் கேட்பதுபோல் கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு,

"பிறகு? பிறகு அந்தப் புள்ள என்ன செஞ்சாள்?" என்று கேட்டாள்.